ஒரு மண் கெண்டியின் கதை

(பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

“எதைக் கொடுத்தாலும் வலக்கையால் கொடு, எதை வாங்கினாலும் வலக்கையால் வாங்கு.” இது எங்கள் வீட்டுச் சட்டம். அதை இயற்றியவர் என் அப்பாவைப் பெற்ற ஆச்சி. அந்தச் சட்டத்தை நாள்தோறும் மீறிக்கொண்டிருந்த குற்றவாளி நான். ஏனென்றால் நான் பிறவியிலேயே இடக்கைக்காரி.

உண்பதற்கு மட்டும் ஆச்சி என்னை வலக்கைக்குப் பழக்கிவிட்டார். மற்ற எல்லாவற்றுக்கும் என் இடக்கைதான் முந்திக்கொண்டு வரும். விருந்தினருக்குக் காப்பித் தம்ளரை நீட்டினால் போதும், “ஏட்டி, நொட்டாங்கையாலயா கொடுக்கே?” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்துவிடும். வந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கு முகம் சிவந்துவிடும். முன்பு வேறோர் ஊரில் பாலர் வகுப்பில் படித்தபோது ஓர் ஆசிரியை அடிக்கோலால் என் இடக்கை விரல்களைத் தட்டியதும் நினைவிருக்கிறது. நம் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிறகுதான் எனக்கு விடுதலை கிடைத்தது. “எந்தக் கையால் எழுதினால் என்ன, எழுத்து நேராக இருந்தால் சரி” என்று சொல்லி, பக்கத்தில் இருப்பவளின் முழங்கை என்மேல் இடிக்காதபடி பெஞ்சின் இடது ஓரத்தில் என்னை உட்கார வைத்தவர் நம் பள்ளிச் சிஸ்டர் ஒருவர். இன்றுவரை அந்த இடது ஓரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை!

சென்ற ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு விடியற்காலையில் ஆச்சி படுக்கையிலிருந்து எழ முடியாமல் கூப்பிட்டார். பக்கவாதம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பேச்சுக்குப் பெரிய பழுது இல்லை. காலும் மெல்ல மெல்லத் தேறியது. ஆனால் வலக்கை மட்டும் திரும்பவில்லை. விடியுமுன் எழுந்து பித்தளைப் பில்டரில் டிகாஷன் இறக்கி, வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் தம் கையாலேயே காப்பி ஆற்றிக் கொடுத்தவர், ஜன்னல் ஓரத்து நாற்காலியில் அமர்ந்து, பிறர் கொடுப்பதை வாங்கிக் குடிப்பவரானார்.

இங்கே ஓர் உண்மையை எழுதியாக வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். ஆச்சி முதன்முதலாக இடக்கையில் கரண்டி பிடித்துக் கஞ்சி குடிக்க முயன்ற நாள் அது. கரண்டி நடுங்கிக் கஞ்சி புடவையில் சிந்தியது. நான் அருகில் இருந்தேன். அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று எண்ணி, “இப்ப நீங்களும் என்னைப் போல நொட்டாங்கைதான் ஆச்சி!” என்று சொல்லிவிட்டேன். சிரிக்க வைக்கத்தான் சொன்னேனா? பல ஆண்டுகளாகப் பட்ட ஏச்சுக்குப் பதிலாகவும் ஒரு துளி அதில் கலந்திருந்தது என்பது எனக்குத் தெரியும். ஆச்சி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கண்களில் நீர் நிறைந்தது. அதன்பிறகு அவர் இடக்கையால் எதையும் எடுக்கவில்லை. ஊட்டினால் உண்பார், கொடுத்தால் குடிப்பார். கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “அந்தக் கைக்கு எதுக்கும்மா பழக்கம்?” என்பதே ஆச்சியின் பதில். காரணம் என்னவென்று வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை.

இந்தப் பாரத்தோடுதான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினேன். என் அப்பா ஜப்பானில் நகோயா நகரத்தில் மோட்டார் உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறார். தேர்வு முடிந்ததும் அம்மாவும் நானும் ஒரு மாதம் அவருடன் தங்கி வரப் புறப்பட்டோம். ஆச்சியைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்து தங்கினார். விடைபெறும்போது, “ஒங்களுக்கு என்ன ஆச்சி வாங்கிட்டு வர?” என்று கேட்டேன். “எனக்கு எதுக்கு? நல்லபடியாப் போயிட்டு வா பிள்ளை” என்றார்.

நகோயாவில் அப்பா குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வயதான ஓர் அம்மையார் தனியே வசிக்கிறார். அவரை ‘ஒபாசான்’ என்று அழைக்க அப்பா கற்றுக்கொடுத்தார். ஜப்பானிய மொழியிலும் நம் மொழியைப் போலவே குறில், நெடில் உண்டு. ‘ஒபசான்’ என்று குறிலாகச் சொன்னால் அத்தை. ‘ஒபாசான்’ என்று நெடிலாகச் சொன்னால் பாட்டி. முதல் நாள் நான் குறிலாகச் சொல்லிவிட்டேன். அவருக்கு ஒரே மகிழ்ச்சி! “என்னை இருபது வயது இளையவளாக்கிவிட்டாய்” என்றார். அப்பாதான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது மே மாதத் தொடக்கம். ஜப்பானியர் தங்கள் நாட்காட்டியில் வசந்தம் பிறக்கும் நாளாகிய பிப்ரவரி 4ஐ ஒட்டிய நாளிலிருந்து 88ஆம் நாளைத் தேயிலைக்கு உரிய நாளாகக் கருதுகிறார்கள். அது பெரும்பாலும் மே 2இல் வரும். அந்தச் சமயத்தில் பறிக்கும் புதுத்தளிர் மிகச் சுவையானது என்பார்கள். ஒபாசான் எங்களை அழைத்து அந்தப் புதுத்தேயிலையில் தேநீர் தந்தார்.

தோழியரே, நம் ஊர்த் தேநீரை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள்! பால் இல்லை, சீனி இல்லை, இஞ்சி, ஏலம் எதுவும் இல்லை. தேயிலைச் செடி ஒன்றுதான். ஆனால் நாம் பருகும் கறுப்புத் தேயிலையைக் கசக்கிக் காற்றில் பதப்படுத்திக் கறுக்க விடுகிறோம். ஜப்பானியரோ பறித்தவுடன் நீராவியில் வேகவைத்து விடுகிறார்கள். அதனால் பசுமை மாறுவதில்லை. வேகவைத்து, உருட்டி, உலர்த்தும் இம்முறையை 1738ஆம் ஆண்டில் நாகதானி சோயென் என்பவர் கியோத்தோவுக்கு அருகில் உள்ள உஜி வட்டாரத்தில் உருவாக்கினார். இவ்வாறு செய்யும் தேயிலைக்கு ‘சென்ச்சா’ என்று பெயர். ஊசி ஊசியாக, நம் ஊர் அறுகம்புல்லை நறுக்கி உலர்த்தினாற்போல் இருக்கும்.

ஒபாசான் தேநீர் தயாரித்த விதத்தை நான் கண் இமைக்காமல் பார்த்தேன். கொதிக்கக் கொதிக்க நீரை இலைமேல் ஊற்றவில்லை. கொதித்த நீரை முதலில் வெறும் கோப்பைகளில் ஊற்றினார். ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது சூடு ஏறக்குறைய 10 டிகிரி குறையுமாம். சென்ச்சாவுக்கு 70 முதல் 80 டிகிரி வரை போதும். நீர் மிகச் சூடாக இருந்தால் இலையில் உள்ள துவர்ப்பும் கசப்பும் விரைந்து இறங்கிவிடும். சூடு தணிந்த நீரில் துவர்ப்பு அடங்கி, இலையின் இனிமை மேலோங்கி நிற்கும். ஆளுக்கு 2 கிராம் இலை, ஒரு நிமிட நேரம், அவ்வளவுதான். பிறகு மூன்று கோப்பைகளிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று சிறிது சிறிதாக ஊற்றி, மீண்டும் மூன்று, இரண்டு, ஒன்று என்று திரும்பி வந்தார். ஒருவருக்கு நீர்த்தும் ஒருவருக்குக் கடுமையாகவும் போய்விடாமல் எல்லாருக்கும் ஒரே சுவை கிடைக்க இந்த ஏற்பாடு. இறுதியில் கெண்டியை நன்றாகக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை வடித்தார். கடைசிச் சொட்டில்தான் சாரம் இருக்கிறது என்பது அவர்கள் சொல். உள்ளே நீர் தங்கினால் அடுத்த முறை ஊற்றும் தேநீர் கசந்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

ஆம், ‘கெண்டி’ என்றுதான் எழுதினேன். ஆச்சியின் பரணில் மூக்கு வைத்த பித்தளைக் கெண்டி ஒன்று உண்டு. ஒபாசான் கையில் இருந்ததைக் கண்டதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. ஜப்பானியர் இதைக் ‘கியூசு’ என்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் செம்மண் பாத்திரம்; ஒரு மூக்கு; ஒரு மூடி. விந்தை என்னவென்றால், பிடி மூக்குக்கு நேர் எதிரே இல்லை. பக்கவாட்டில், மூக்குக்குச் செங்கோணமாக, ஒரு குட்டைக் குழல்போல் நீட்டிக்கொண்டிருக்கிறது. அக்குழலை நான்கு விரல்களால் பற்றி, கட்டை விரலால் மூடியை அழுத்திக்கொண்டு, மணிக்கட்டைச் சற்றே உட்பக்கம் திருப்பினால் தேநீர் இழையாக இறங்கும்.

“நீ ஊற்று” என்று இரண்டாம் முறைக்கு என்னிடம் கொடுத்தார் ஒபாசான். வழக்கம்போல் என் இடக்கை முந்திக்கொண்டது. அவ்வளவுதான்! மூக்கு உள்ளே பார்ப்பதற்குப் பதிலாக வெளிப்பக்கம் பார்த்து நின்றது. மணிக்கட்டை வெளிப்பக்கமாக முறுக்கி ஊற்றப் போனேன். பாதி கோப்பையில், பாதி விரிப்பில். அம்மா என்னை முறைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்தும் இந்தக் கை என்னை விடவில்லையே என்று எண்ணினேன்.

ஒபாசான் விரிப்பைத் துடைத்துக்கொண்டே, “ஹிதாரிகிகி?” என்று கேட்டார். இடக்கைப் பழக்கம் உள்ளவள் என்று பொருள். தம் சிறுவயதில் ஜப்பானிலும் அத்தகைய பிள்ளைகளை எழுதுகோலையும் உணவுக் குச்சிகளையும் வலக்கைக்கு மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள் என்றார். பிறகு, “தவறு உன் கையில் இல்லை, கியூசுவில். அது வலக்கைக்காரருக்குச் செய்தது. இடக்கைக்கென்றும் செய்கிறார்கள்; தேடினால் கிடைக்கும். தோகோநாமேக்குப் போய்ப் பார்” என்றார்.

அதைக் கேட்டதும் எனக்காக ஒரு கெண்டி வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். என் உண்டியல் பணத்தை அப்பா யென்னாக மாற்றிக் கொடுத்திருந்தார். ஏறத்தாழ 5,000 யென் இருந்தது. “கியூசு வாங்குமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்: எந்தத் தேயிலைக்கு? எத்தனை பேருக்கு? ஊற்றப்போவது யார்?” என்று ஒபாசான் பாடம் சொல்லி அனுப்பினார்.

தோகோநாமே, நகோயாவுக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள சிற்றூர். ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நாங்கள் வந்து இறங்கிய விமான நிலையமே அவ்வூரை ஒட்டிய கடலில் செயற்கைத் தீவு அமைத்து 2005இல் திறக்கப்பட்டதுதான். 12ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே மண்பாண்டம் சுடுகிறார்கள். ஜப்பானின் பழம்பெரும் சூளை ஊர்கள் ஆறு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றுள் இது ஒன்று. அங்குள்ள பாதைகளில் நடப்பதே ஓர் அனுபவம். ஒரு மேட்டுப் பாதையில் ஒருபுறச் சுவர் முழுவதும் சுட்ட மண் குழாய்கள். மறுபுறம் பழைய மது ஜாடிகள். மேட்டின்மீது 1887இல் கட்டிய ஒரு சூளை இருக்கிறது. சரிவில் படிப்படியாக ஏறிச்செல்லும் எட்டு அறைகளும், வரிசையாகப் பத்துப் புகைபோக்கிகளும் கொண்டது. 1974 வரை அதில் பாண்டங்கள் சுட்டார்கள். இப்போது நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள்.

கடைகளில் எல்லாம் கையைத் தூக்கி அழைக்கும் பீங்கான் பூனைகள் வரிசையாக அமர்ந்திருந்தன. வலக்கையைத் தூக்கிய பூனை பணத்தை அழைக்குமாம். இடக்கையைத் தூக்கிய பூனை மனிதர்களை அழைக்குமாம். இது அவர்கள் நம்பிக்கை. “பார்த்தாயா அம்மா, மனிதர்களை அழைக்க இடக்கைதான் வேண்டும்!” என்றேன். அம்மா சிரித்தார்.

ஓடைபோல் குறுகிய ஒரு தெருவில் கெண்டிகள் மட்டுமே விற்கும் ஒரு கடையைக் கண்டோம். கடைக்காரர் முதியவர். சுவர் முழுவதும் சிவப்பு, கறுப்பு, பழுப்பு நிறக் கெண்டிகள். பிடி பின்புறம் உள்ளவை, கூடையைப்போல் மேலே வளைந்த பிடி உள்ளவை, பிடியே இல்லாதவை என்று பல வகை. பிடியில்லாதது கியோகுரோ என்னும் உயர்ந்த தேயிலைக்காம். அதற்கு 50, 60 டிகிரி நீரே போதும் என்பதால் கையால் பற்றினாலும் சுடாது. மேற்பிடி வைத்த பெரிய பாத்திரம், கொதிநீரில் போடும் வறுத்த தேயிலைக்கு ஏற்றது. அப்பாவுக்கு வேறொரு கடையில் பார்த்த வார்ப்பிரும்புக் கெண்டியின்மேல் ஆசை இருந்தது. அதன் உட்புறத்தில் எனாமல் பூசியிருந்தால் அடுப்பில் ஏற்றக்கூடாது, இலை ஊற வைக்க மட்டுமே பயன்படும் என்று கடைக்காரர் விளக்கினார். கையில் எடுத்துப் பார்த்தபோதே அதன் கனம் தெரிந்திருந்தது. அப்பா ஆசையைக் கைவிட்டார்.

தோகோநாமேயின் சிறப்பு, இரும்புச் சத்து மிகுந்த செம்மண். மேலே பளபளப்புப் பூச்சு எதுவும் இல்லாமல் சுட்டிருக்கிறார்கள். ஆயினும் தொட்டால் கூழாங்கல்போல் வழவழப்பாக இருக்கிறது. இந்த மண் தேநீரின் துவர்ப்பைச் சற்று மென்மையாக்கும் என்று குடிப்பவர்கள் சொல்கிறார்கள். இவ்வூர்க் கெண்டி செய்வதில் கைதேர்ந்த மூன்றாம் யமதா ஜோஸான் என்பவரை 1998இல் ஜப்பானிய அரசு கலைக் காவலராக அறிவித்துப் பெருமை செய்தது. நம் ஊரில் பானை வனையும் ஒருவருக்கு இத்தகைய மரியாதை கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

நல்ல கெண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கடைக்காரர் பொறுமையோடு காட்டினார். முதலில் மூடியைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். மூக்கு தொடங்கும் இடத்தில் இலை வெளியே வராதபடி வடிகட்டி இருக்கும். அதே மண்ணில் நுண்ணிய துளைகள் இட்டுச் செய்தது ஒரு வகை. எஃகு வலை பொருத்தியது மற்றொரு வகை. நெடுநேரம் ஆவியில் வேகவைத்த தேயிலை பொடிப்பொடியாக இருக்கும். அதற்கு மிக நுண்ணிய வடிகட்டி வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். அடுத்து மூடி. உடலும் மூடியும் இடைவெளியின்றிப் பொருந்தும்படி ஒன்றோடொன்று தேய்த்து எடுக்கிறார்கள். சோதிக்க எளிய வழி உண்டு. கெண்டியில் நீர் நிரப்பி ஊற்றும்போது மூடியில் உள்ள சிறு துளையை விரலால் மூடினால் நீர் நின்றுவிட வேண்டும். விரலை எடுத்தால் மீண்டும் ஒழுக வேண்டும். நாம் இயற்பியல் வகுப்பில் காற்றழுத்தம் படித்தோமே, அதேதான்! கடைசியாக மூக்கு. ஊற்றி நிறுத்தும்போது நீர் மூக்கின் அடியில் வழிந்து ஓடாமல் வெட்டியதுபோல் நிற்க வேண்டும்.

இடக்கைக் கெண்டி இருக்கிறதா என்று அப்பா கேட்டார். கடைக்காரர் உள்ளே சென்று இரண்டு பெட்டிகளோடு வந்தார். இரண்டுதான் இருந்தன. ஒன்று பெரியது, 360 மில்லி லிட்டர் கொள்ளும். உடலில் பூங்கொடி செதுக்கியிருந்தது. மற்றொன்று எந்த அலங்காரமும் இல்லாமல், 200 மில்லி லிட்டர் அளவில் சிறியதாக இருந்தது. விலையில் அதிக வேறுபாடு இல்லை. என் பணத்துக்கு ஏதேனும் ஒன்றுதான் வாங்க முடியும். பூங்கொடிக் கெண்டியை முதலில் எடுத்தேன். நீர் நிரப்பி ஊற்றிப் பார்க்கச் சொன்னார். இடக்கையால் பிடித்தேன். மூக்கு தானாக உட்பக்கம் பார்த்தது. மணிக்கட்டு இயல்பாகத் திரும்பியது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை! என் வாழ்நாளில் என் கைக்கென்றே செய்த ஒரு பொருளை அன்றுதான் முதன்முதலாகப் பிடித்தேன். அந்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

“பின்புறம் பிடி வைத்த கெண்டியை எந்தக் கையாலும் பிடிக்கலாமே, அது வேண்டாமா?” என்று அம்மா கேட்டார். கடைக்காரர் தலையசைத்துவிட்டு அத்தகைய ஒன்றை எடுத்து ஊற்றிக் காட்டினார். ஒரு கை பிடியைப் பற்ற, மறு கை மூடி விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. “பக்கவாட்டுப் பிடி என்றால் கட்டை விரலே மூடியைப் பார்த்துக்கொள்ளும். ஒரு கை போதும்” என்றார்.

ஒரு கை போதும்.

நான் கையிலிருந்த கெண்டியை மேசைமேல் வைத்துவிட்டேன். ஜன்னல் ஓரத்து நாற்காலியும், கீழே வைத்த கரண்டியும் கண்முன் வந்தன. ஒபாசானின் மூன்றாவது கேள்வியும் நினைவுக்கு வந்தது. ஊற்றப்போவது யார்?

சிறிய கெண்டியை எடுத்தேன். நீர் நிரப்பிப் பிடித்தேன். பெரியதைவிட மிகவும் இலேசாக இருந்தது. பிடி குழலாக உடலைவிட்டு விலகி நிற்பதால் சூடும் ஏறாது. நடுங்கும் கைக்கும் இது முடியும் என்று தோன்றியது. பூங்கொடிக் கெண்டியை மறுமுறை பார்த்தேன். மறைக்காமல் சொல்கிறேன், பார்க்கத்தான் செய்தேன். பிறகு சிறியதையே கட்டித் தரச் சொன்னேன். “பூப்போட்டது பிடிக்கவில்லையா?” என்று அப்பா கேட்டார். அன்று இரவுதான் அப்பாவிடமும் அம்மாவிடமும் நவம்பர் மாதத்து நிகழ்ச்சியைச் சொல்லி அழுதேன். அவர்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

ஊர் திரும்பும்போது கெண்டியைப் பெட்டியில் போட மனமில்லாமல், சால்வையில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஒபாசான் இரண்டு பொட்டலம் சென்ச்சா கொடுத்தார். புறப்படும்போது, மூக்கு நுனியில் மாட்டியிருந்த சிறு ரப்பர்க் குழாயைச் சுட்டிக்காட்டி, “இதைக் கழற்றி எறிந்துவிடு. வழியில் மூக்கு உடையாமலிருக்க மாட்டியது. பலர் தெரியாமல் அப்படியே வைத்துக்கொள்கிறார்கள்; உள்ளே அழுக்குச் சேரும்” என்றார். நானும் அதைக் கெண்டியின் ஓர் உறுப்பு என்றே எண்ணியிருந்தேன்!

வீட்டுக்கு வந்த மறுநாள் மாலை கெண்டியை ஆச்சியின் முன் வைத்தேன். “மண்ணுல செஞ்ச கெண்டியா? நல்லாருக்கே!” என்று பார்த்தார். நான் முறைப்படி நீரை ஆறவைத்து, இலையிட்டு, ஒரு நிமிடம் எண்ணினேன். “ஆச்சி, நீங்க ஊத்துங்க” என்றேன்.

ஆச்சியின் முகம் மாறியது. “நான் எந்தக் கையால ஊத்த? நொட்டாங்கையாலயா ஊத்திக் கொடுப்பாங்க ஒருத்தருக்கு?”

“இது அந்தக் கைக்குன்னே செஞ்சது ஆச்சி. வலக்கையால பிடிச்சா இதுல ஊத்தவே வராது. அம்மாவை வேணும்னா ஊத்தச் சொல்லிப் பாருங்க.”

அம்மா வலக்கையால் எடுத்தார். நான் நகோயாவில் பட்ட பாட்டை அம்மா அன்று பட்டார். மேசையெல்லாம் தேநீர். ஆச்சி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து ஆறு மாதமாகியிருந்தது. “கொண்டா இங்கே” என்று இடக்கையை நீட்டினார். விரல்களைப் பிடியில் பொருத்தி, கட்டை விரலை மூடிமேல் வைத்துக் கொடுத்தேன். கை நடுங்கியது. மூடி சிறிது ‘கடகட’ என்றது. ஆனால் விழவில்லை. தேநீர் மெல்லிய இழையாகக் கோப்பையில் இறங்கியது. எனக்கு, அம்மாவுக்கு, அத்தைக்கு. பிறகு அத்தைக்கு, அம்மாவுக்கு, எனக்கு. கடைசிச் சொட்டை என் கோப்பையில் வடித்தார். பிறகு அந்தக் கோப்பையை எடுத்து, இடக்கையாலேயே என்னிடம் நீட்டினார்.

நான் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். “ஆச்சி, அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு” என்றேன். “நான் ஒன்னைச் சின்னதுலருந்து சொன்னதெல்லாம் மட்டும் சரியாக்கும்? குடி பிள்ளை, ஆறிரும்” என்றார்.

எல்லாம் முடிந்த பிறகு ஆச்சியும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். “இது என்ன, வைக்கோல் ஊறின தண்ணி மாதிரி இருக்கு!” என்பது அவர் தீர்ப்பு. ஆயினும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு நாளுக்கு ஒரு சிறு கோப்பை பருகுகிறார். ஒருநாள் அதில் சுக்கு மல்லியைத் தட்டிப் போடப் போனார். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். பூச்சில்லாத மண் பாத்திரம் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் சோப்பும் போடக்கூடாது. வெறும் நீரில் அலசி, மூடியைத் திறந்து உலரவிட வேண்டும். ஜப்பான் இலை தீர்ந்த பிறகு நீலகிரியில் செய்யும் பச்சைத் தேயிலையை வாங்கி ஊற்றினோம். சுவை வேறுதான், ஆனால் கெண்டி மறுக்கவில்லை.

இப்போது ஆச்சி இடக்கையால் கரண்டி பிடிக்கிறார்; தலை வாருகிறார்; பயிற்சி கொடுக்கும் பெண் சொல்வதையெல்லாம் கேட்கிறார். கெண்டியால்தான் இது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது தொடங்கிய நாள் எனக்குத் தெரியும்.

தோழியரே, உங்களில் யாரேனும் இத்தகைய கெண்டி வாங்க நேர்ந்தால் வடிகட்டியைப் பாருங்கள், மூடியைப் பாருங்கள், மூக்கைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, அதைப் பிடிக்கப் போகும் கை எது என்று பாருங்கள். கையைக் குறை சொல்வது எளிது. அந்தக் கைக்கு ஏற்ற பாத்திரத்தைத் தேடுவதற்குத்தான் சிறிது தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

நாள்தோறும் மாலை நான் பள்ளிவிட்டு வீடு திரும்பும்போது ஆச்சி ஜன்னல் ஓரத்தில் கெண்டியோடு காத்திருக்கிறார். “வா, ஒன் வைக்கோல் தண்ணி ரெடி!” என்பார். நான் பையை இறக்கிவிட்டு அமர்வேன். அவர் தம் நொட்டாங்கையால் ஊற்றித் தருவார். நான் என் நொட்டாங்கையால் வாங்கிக்கொள்வேன்.

எங்கள் வீட்டுச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது.